ரோட்ஸில் மூன்று மணி நேரம்

கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பலில் வேலை பார்க்கிற நம் ஆட்களைக் கேட்டால் பாதிப் பேர் சான்டோரினியைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும். படகில்தான் போக வேண்டும், பயணிகள் போன பிறகுதான் க்ரூவுக்கு, அதாவது கப்பல் ஊழியர்களுக்கு, இடம். அப்புறம் மேலே ஏற கேபிள் கார் வரிசை வேறு. பேசாமல் கேபினிலேயே படுத்துத் தூங்கலாம் என்று தோன்றிவிடும்.

ரோட்ஸ் தீவு அப்படியில்லை. கோட்டை மதிலுக்குப் பக்கத்திலேயே கப்பலைக் கட்டுவார்கள். கப்பலிலிருந்து இறங்கும் கேங்வேயில் கார்டைத் தட்டிவிட்டு நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் இருக்கலாம். காலை டூட்டிக்கும் மாலை டூட்டிக்கும் நடுவே மூன்று மணி நேரம் கிடைக்கும் என்னைப் போன்ற கேபின் ஸ்டூவர்டுக்கு இதைவிடத் தோதான துறைமுகம் கிடையாது.

க்ரூவில் பலர் முதல் காபிக் கடையோடு நின்றுவிடுவார்கள். வைஃபை கிடைத்தால் போதும். தப்பில்லை, நானும் ஃப்ரெடோ எஸ்ப்ரெஸோ என்கிற ஐஸ் காபி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பேசிய பிறகுதான் கிளம்பினேன். சாக்ரடீஸ் தெரு என்கிற கடைத்தெருவில் தோல் பை, கடல் பஞ்சு, காந்த பொம்மை என்று பயணிகளுக்கான சரக்குதான். அதற்கு வடக்கே இருக்கும் மாவீரர் தெருவை மட்டும் விடக்கூடாது. 1309 முதல் இந்தத் தீவு புனித ஜான் மாவீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையின் கையில் இருந்தது. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் தனித்தனி விடுதி, பெரும்பாலானவை கூழாங்கல் பதித்த இந்த ஒரே ஏற்றத்தில். 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமான் மாதக்கணக்கில் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார். விட்டுப் போனவர்கள் சில ஆண்டுகள் அலைந்து 1530-இல் மால்டாவில் குடியேறினார்கள். மால்டாவின் தலைநகர் வலெட்டாவில் கப்பல் நின்றபோது அவர்களுடைய எட்டு முனைச் சிலுவையைப் பார்த்தவர்களுக்கு இங்கே அதன் முன்கதை கிடைக்கும். பயணிகளிடம் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். டிப்ஸ் கூடுமா என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது தெற்குப் பக்கச் சந்துகள்தான். வீட்டுக்கு வீடு முட்டுக் கொடுத்தது போல் தலைக்கு மேலே கல் வளைவுகள். நிலநடுக்கத்தில் சுவர் சாயாமல் இருக்கக் கட்டியவை. அங்கே ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே முற்றம். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா ரப்பர் குழாயில் தண்ணீர் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் பட்டதும் சாம்பல் பூத்துக் கிடந்த தரை கருப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று பிரிந்தது. நடுவில் ஒரு மான், சுற்றிலும் சைப்ரஸ் மரங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டது போல இருந்தது. ஆனால் இது மாவு இல்லை, அத்தனையும் கடற்கரைக் கூழாங்கல். படுக்கவைக்காமல் ஒவ்வொன்றையும் செங்குத்தாக நிறுத்தி நெருக்கிப் பதித்திருந்தார்கள்.

நான் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டார். “கலிமேரா” என்றேன். கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்து, “ஷிப்?” என்றார். ஆமாம், ஹவுஸ்கீப்பிங் என்றதும் உடனே, “எத்தனை ரூம்?” என்று கேட்டார். இப்படிக் கேட்பவர் பெட்ஷீட் மாற்றியவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படியேதான். புதுநகரத்தில் ஒரு ஹோட்டலில் பல வருடம் அறை துடைத்தவராம். பதினெட்டு என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் தொழில் பேச்சுதான். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலம், மீதி கை ஜாடை. மூலையில் கற்கள் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது. மகன் வேலையாம், முகத்தைச் சுளித்தார். பழைய பதிப்பு சுண்ணாம்புச் சாந்து என்பதால் ஆசிட் ஊற்றவே கூடாது, ஊற்றினால் சாந்து கரைந்து கல் கழன்றுவிடும், தண்ணீரும் பிரஷும் மட்டும்தான் என்று விரலை ஆட்டி எச்சரித்தார். எங்கள் சூப்பர்வைசர் கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உள்ளே போய் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்தார். சர்க்கரைப் பாகில் ஊறிய நார்த்தை போன்ற ஒரு தோல், ஒரு ஸ்பூன், பக்கத்தில் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். தித்திப்புக்கு அடியில் லேசான கசப்பு. வீட்டுக்கு வந்தவருக்கு இப்படிக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். காசு எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

அதன் பிறகு கண் தரையை விட்டு மேலே போகவில்லை. யூதர் பகுதியில் 1577-இல் கட்டிய கஹால் ஷாலோம் வழிபாட்டுக் கூடத்திலும் அதே கருப்பு வெள்ளைக் கல்தரைதான். பக்கத்துச் சதுக்கத்தில் கடற்குதிரை நீரூற்று, அருகே ஒரு கருங்கல் நினைவுச் சின்னம். 1944 ஜூலையில் ரோட்ஸிலும் கோஸ் தீவிலும் இருந்த யூதர்கள் 1,600 பேருக்கு மேல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பியவர்கள் மிகக் குறைவு. சுற்றிலும் சாப்பாட்டுக் கடை மேசைகள். பாதிப் பேர் அந்தச் சின்னத்தைக் கவனிக்காமலே போகிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: செருப்பு வேண்டாம், அந்தக் கூழாங்கல் தரையில் பாதம் வலிக்கும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவாகப் போடுங்கள். மன்றாக்கி துறை வரை நடந்தால் வாயிலின் இருபக்கமும் தூண் மேல் மான் சிலைகள் நிற்கும். கொலோசஸ் என்ற பழங்கால வெண்கலச் சிலை கால் ஊன்றி நின்ற இடம் அதுதான் என்று கதை. சுமார் 33 மீட்டர் உயரச் சிலை, கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்தது. துறைமுகத்துக்குக் குறுக்கே காலை அகட்டி நின்றிருக்க வாய்ப்பே இல்லை என்பதுதான் ஆராய்ந்தவர்கள் கருத்து. இதையெல்லாம் என் கேபின்மேட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பிலிப்பைன்ஸ்காரன், பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, ஐந்து யூரோ கொடுத்து வாங்கிய காந்த பொம்மையை எடுத்து லாக்கர் கதவில் ஒட்டினான். காலை அகட்டி நிற்கும் கொலோசஸ், கீழே ஒரு பாய்மரக் கப்பல்.