1,600 வெள்ளிக்கு இந்தக் கணினிப் பட்டியல் சரியா?

யீஷூன்வாசி:
வணக்கம். தைப்பூசம், கோயில் குடமுழுக்கு என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். வீடியோ வெட்டி ஒட்டும் டாவின்சி ரிசால்வைத் திறந்தாலே பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. மகனுக்கு கேம் ஆட வேண்டுமாம். சனிக்கிழமை சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில் எழுதிக்கொடுத்தது: இன்டெல் கோர் ஐ7-14700எஃப் ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சி, 1 டிபி எஸ்எஸ்டி, 500 வாட் பவர் சப்ளை (என்ன பிராண்டு என்று எழுதவில்லை), முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸ். அதில் ஐந்து விசிறி, வானவில் வெளிச்சம். மகன் அங்கேயே மயங்கிவிட்டான். கணினியை ஏசி இல்லாத ஹாலில்தான் வைக்க முடியும். வாங்கலாமா?

பழையபோர்டு:
அண்ணே, வேண்டாம். ஐ7 விழுங்கிய பணத்தை மற்ற எல்லாவற்றிலும் குறைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7600 ப்ராசசர் தாராளம்: 6 கோர், 65 வாட், கூலரும் கூடவே வரும். பி650 மதர்போர்டு எடுங்கள். 14700எஃப் உட்காரும் சாக்கெட்டுக்கு 14ஆம் தலைமுறையோடு கதை முடிந்தது, அடுத்த தலைமுறை ப்ராசசர் அதில் உட்காராது. ஏஎம்டி அப்படி அவசரப்படாது. 2017இல் வாங்கிய என் பி350 போர்டில் 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியை மாட்டினேன், பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மட்டும்தான் செய்தேன்.

ரேம் 16 ஜிபி குச்சியாக இரண்டு வாங்குங்கள். ஒற்றைக் குச்சியில் ஒரு சேனல்தான் (தரவு போய்வரும் பாதை) ஓடும். மிச்சத்தை கார்டில் போடுங்கள். ரிசால்வில் 4கே காட்சிக்கு எஃபெக்ட் ஏற்ற ஏற்ற கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பிவிடும். பணம் எட்டினால் 4060 டிஐ 16 ஜிபி.

அப்புறம் அந்தப் பேரில்லாத பவர் சப்ளை. நானும் ஒன்றை நம்பினேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி 'டப்'. வீடே இருட்டு. கருகின வாடை வந்ததும் முறுக்கு தீய்கிறது என்று அம்மா அடுப்படிக்கு ஓடினார். 650 வாட், 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச்சான்று), ஊரறிந்த பிராண்டு. அதில் மட்டும் காசைக் குறைக்காதீர்கள்.

தேக்கா அக்கா:
தம்பி சொன்னது சரி. கேஸையும் மாற்றுங்கள். கண்ணாடி முகப்பில் காற்று ஓரத்து இடுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். மத்தியானம் ஹாலே 32 டிகிரி என்றால் உள்ளே எப்படி இருக்கும்? வலை முகப்பு வாங்குங்கள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து என் விசிறி இறக்கையில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. காதுகுடையும் பஞ்சால் ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன்.

யீஷூன்வாசி:
நீங்கள் சொன்னபடியே வாங்கி நானே மாட்டினேன். முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பு. ஐந்து நிமிடம் சாமியைக் கும்பிட்டேன், வந்துவிட்டது. ஆனால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டு கெட்டதா?

பழையபோர்டு:
கறுப்புத் திரைக்குப் பயப்படாதீர்கள். உங்கள் போர்டின் ஏஎம்5 சாக்கெட் வகையில் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 வேகம் என்று போட்ட ரேம் அந்த வேகத்தில் ஓடாது. சரி, எச்டிஎம்ஐ கேபிளை எங்கே குத்தினீர்கள்? மேலே யுஎஸ்பிக்குப் பக்கத்திலா, கீழே கார்டிலா?

யீஷூன்வாசி:
மேலே.

பழையபோர்டு:
அதுதான். 7600க்குள்ளேயே குட்டி கிராபிக்ஸ் இருப்பதால் அங்கேயும் படம் வரும், ஆனால் கேமுக்கு அது போதாது. கீழே மாற்றுங்கள்.

யீஷூன்வாசி:
ஓடுகிறது! மகன் இப்போது விசிறிக்கு ஏன் வெளிச்சம் இல்லை என்று முறைக்கிறான்.