பேரிங் ‘ஆட்டம்’: தேய்ந்ததற்கும் தேவையானதற்கும் ஒரே சொல்லா?

கோத்தகிரியிலிருந்து:
அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்களுக்கான பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிடிசி (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திரம்) ரோலர் ஷாப்டில் பேரிங் மாற்றும் பகுதியில் சிக்கிக்கொண்டேன். தேய்ந்த பேரிங்கை ‘ஆட்டம் கண்டுருச்சு’ என்கிறார்கள், நல்ல சொல். ஆனால் புதுப் பேரிங்கிலும் உருளைக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட நூலிழை இடம் இருக்கிறது. அதையும் ஆட்டம் என்று எழுதினால், அது போகும்வரை ஸ்லீவ் நட்டை (பேரிங்கை ஷாப்டோடு பிடித்து இறுக்கும் நட்டு) இறுக்கிவிடுவார்கள், சூட்டில் விரிய இடமில்லாமல் பேரிங் கருகும். ஒரு ரோலர் நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மற்றது 700, வேகமானதில் சூடும் அதிகம். என்ன சொல் போடலாம்?

மதுரையிலிருந்து:
உள்ளிடைவெளி. அப்படியே பேரிங்கைத் தாங்கி என்றும் ஷாப்டைத் தண்டு என்றும் திருத்திவிடுங்கள்.

குன்னூரிலிருந்து:
ஐயா, ஒர்க்‌ஷாப்பில் ‘தாங்கி எடுத்து வா’ என்றால் பையன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவான். பேரிங் பேரிங்காகவே இருக்கட்டும். கேட்ட சொல்லுக்கு ‘இளக்கம்’ போதும்.

மதுரையிலிருந்து:
இளகுவது வெல்லப்பாகு, இரும்பு அல்ல.

குன்னூரிலிருந்து:
திருகு இளகிவிட்டது என்று நீங்கள் சொல்வதே இல்லையா?

கொடைக்கானலிலிருந்து:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உருள்பெருந்தேருக்கு அச்சாணி சொன்ன குறள் (667) எல்லாருக்கும் தெரியும். புறநானூறு 102ஐயும் பாருங்கள். மேடுபள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உமணர் (உப்பு வணிகர்) வண்டியின் அடியில் கட்டிவைத்த மாற்று அச்சை ஔவையார் ‘சேம அச்சு’ என்கிறார். ஸ்பேர் பேரிங்குக்குச் ‘சேமப் பேரிங்’ என்று வைத்தால் என்ன? ‘சேமம்’ தமிழா, ‘க்ஷேமத்’திலிருந்து வந்ததா என்று தனியாக எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து:
தனியாகவே எழுதுங்கள் ஐயா! சேமம் பிடித்திருக்கிறது, உதிரிபாகப் பட்டியலில் போட்டுக்கொள்கிறேன். மற்றதற்கு உள்ளிடைவெளி பக்கம்தான் சாய்கிறேன். நட்டை இறுக்கும்போது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அவ்வப்போது உள்ளே விட்டு அளந்து, எவ்வளவு குறைந்தது என்று பார்க்கச் சொல்கிறது கையேடு. ‘இவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்’ என்று எழுதினால் கைக்குப் புரியும், ‘இவ்வளவு இளக்கம்’ என்றால் மனக்கணக்கில் விட்டுவிடுவார்கள்.

மதுரை, திருச்சி, கொடைக்கானல்: சரி.

குன்னூரிலிருந்து:
எனக்குச் சரியில்லை. இரண்டு ரோலருக்கும் நடுவில் இலை போகும் இடுக்கையும் நாங்கள் இடைவெளி என்றுதான் சொல்கிறோம், அதையும் ஃபீலர் கேஜில்தான் பார்க்கிறோம். ‘உள்’ளை முழுங்கிவிட்டு ஒருவன் ‘இடைவெளியைக் குறை’ என்று கத்தினால் இன்னொருவன் எந்த நட்டைத் திருகுவான்? அச்சடியுங்கள், ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டு அச்சடியுங்கள்.