ஏற்காட்டுப் பனியில் ஹரிக்கேன் வெளுத்துவிட்டது, உரித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டுமா?

காபிக்களம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து அலுவலகத்தில் வேலை. ஐந்து மாதமாக 1/72 அளவில் ஒரு ஹரிக்கேன் மார்க் 2சி போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன், கடைசிப் படியில் வந்து இப்படி ஆகிவிட்டது.

முதலில் ஏன் இந்த விமானம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அப்பா யுத்த காலத்தில் விமானப் படையில் ரிக்கராக (விமானத்தின் உடம்பையும் இறக்கையையும் பழுது பார்ப்பவராக) இருந்தவர். 1944-ல் ஜப்பானியர் இம்பாலைச் சுற்றி வளைத்திருந்தபோது, அர்ஜன் சிங் தலைமையில் அங்கே இருந்த 1-ஆம் ஸ்க்வாட்ரனின் ஹரிக்கேன்களில் வேலை பார்த்தவர் என்று அப்பா சொல்வார். தாத்தாவை நான் பார்த்ததில்லை, வீட்டில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. கார்த்திகையில் அவருக்குத் திதி. அன்றைக்கு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இதை வைக்க வேண்டும் என்று ஆசை.

பெயிண்ட், மேலே டாமியா எக்ஸ்எஃப்-81 கரும்பச்சையும் எக்ஸ்எஃப்-52 மண் நிறமும், அடியில் எக்ஸ்எஃப்-83 சாம்பல். டீகால் (ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் ஒட்டி, அதன்மேல் பளபளப்பு கிளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்து முடித்திருந்தேன். அதுவரைக்கும் நன்றாகவே வந்தது. போன ஞாயிறு சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து லாக்கர் மேட் கிளியரை ஏர்பிரஷில் அடித்தேன். பனி இறங்கியிருந்தது, எதிரே இருந்த சில்வர் ஓக் மரமே தெரியவில்லை, ஆனால் வராந்தாவுக்குள் ஈரம் இல்லை என்று நினைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் இறக்கை இரண்டும் திருநீறு பூசினமாதிரி வெளுத்துக் கிடக்கிறது. வட்டச் சின்னமே மங்கலாகத்தான் தெரிகிறது. வால் பக்கம் குறைவு, இடது இறக்கை மோசம்.

எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்றால் டீகாலுக்கு மாற்று இல்லை. என்ன செய்யலாம்? படம் போட்டிருக்கிறேன், வேறு தப்பு ஏதாவது கண்ணில் பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஐந்துரோடு எழுதியது:

தம்பி, உரிக்க வேண்டாம். முதலில் கையை எடுங்கள், நான்கு நாள் அதைத் தொடாதீர்கள்.

வெளுப்பது மூன்று காரணத்தால் வரும், எது என்று தெரியாமல் மருந்து போடக்கூடாது. ஒன்று, மேட் கிளியரைச் சரியாகக் கலக்காமல் அடித்தால் அடியில் தங்கியிருக்கும் வெள்ளைப் பொடி மொத்தமாக வந்து பள்ளங்களிலும் மூலைகளிலும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது, சூப்பர் குளூவின் ஆவி, அது ஒட்டின இடத்தைச் சுற்றியும் கண்ணாடி மூடியிலும்தான் படியும். உங்கள் படத்தில் சமதளமான இறக்கையில் ஒரே சீராகப் படர்ந்திருக்கிறது, அதனால் இது மூன்றாவது வகை, காற்றின் ஈரம். லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பைச் சட்டென்று குளிர வைத்துவிடும் (கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அதேதான்). பனி நாளில் காற்று முழுக்க ஈரம், பரப்பு கொஞ்சம் குளிர்ந்தாலே தண்ணீர் அதன்மேல் படிந்துவிடும். லாக்கர் காய்ந்து முடிவதற்குள் தண்ணீர் உள்ளே புகுந்தால் பிசின் ஒரே படலமாகச் சேராமல் நுண்ணிய துளைகளோடு இறுகிவிடுகிறது. அந்தத் துளைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதைத்தான் வெள்ளையாகப் பார்க்கிறீர்கள். அடியில் இருக்கிற பச்சையும் மண் நிறமும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, அதனால்தான் உரிக்க வேண்டாம் என்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது. வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். அடிவயிற்றில், யார் கண்ணிலும் படாத இடத்தில், லாக்கர் பளபளப்பு கிளியரை லெவலிங் தின்னரில் நன்றாக நீர்க்கக் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் என்பதால் இறுகிய படலத்தை மறுபடி இளக்கி, துளைகளை மூடிவிடும். பெரும்பாலும் கண்ணெதிரிலேயே நிறம் திரும்பி வரும். வந்தால் இறக்கைக்குப் போங்கள், இல்லை என்றால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். மேட் பூச்சு அதெல்லாம் காய்ந்து ஒரு வாரம் கழித்து.

இன்னொன்று. உங்கள் கம்ப்ரசரில் வாட்டர் ட்ராப் (காற்றில் வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குப்பி) இருக்கிறதா? மலைமேல் அது இல்லாமல் அடிக்கவே கூடாது. காற்றை அழுத்தினால் அதில் இருக்கிற ஈரம் குழாய்க்குள்ளேயே தண்ணீராகிவிடும், அப்புறம் நீங்கள் கிளியரோடு தண்ணீரையும் சேர்த்து அடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சங்ககிரி_பட்டறை எழுதியது:

நான் மாடல் கட்டுகிறவன் இல்லை, என் பையன் கட்டுகிறான், அவனுக்காகத்தான் இதைப் படிக்கிறேன். ஆனால் லாரிக்கு இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறேன், இந்த வெளுப்பு எங்களுக்குப் பழகின விஷயம். முன்பெல்லாம் டுகோ (லாக்கர் வகைப் பெயிண்ட்) அடிக்கும்போது ஐப்பசி வந்தாலே பயம்தான். மழை மூட்டத்தில் அடித்தால் கேபின் கதவு மொத்தமும் பூத்துப்போகும். நாங்கள் தின்னரில் ரிடார்டர் கலப்போம், காய்வதைத் தாமதமாக்கும், ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். பூத்துப்போன இடத்தில் ரிடார்டர் தின்னரை மட்டும் தூரத்தில் நின்று பனித்துளி மாதிரி லேசாகத் தூவினால் வெள்ளை போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை எடுத்து அடித்துவிடாதீர்கள். இரும்புத் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுடையது பிளாஸ்டிக், கரைந்துவிடும். என் பையன் ஒரு தடவை அதில் துணியை நனைத்துத் துடைத்து ஒரு டாங்கின் பக்கத்தையே பாழாக்கிவிட்டான். ஐந்துரோடு அண்ணன் சொன்ன லெவலிங் தின்னர்தான் சரி. அதையும் ஈரம் சொட்ட அடித்தால் டீகால் சுருங்கும்.

அப்புறம் அறையின் ஈரத்துக்கு ஒரு வழி. ஒரு பெரிய அட்டைப் பெட்டி, அதில் கோழிக்குஞ்சுக்குப் போடுவோமே அந்தக் குண்டு பல்ப் ஒன்று, அட்டையில் படாமல் மேலே தொங்கட்டும். அடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் விமானத்தை அதற்குள் வைத்து வெதுவெதுப்பாக எடுங்கள். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அதற்குமேல் சூடு ஏறினால் இறக்கை வளைந்துவிடும். அடிக்கும்போது பல்ப் எரியவே கூடாது, தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும். வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் மறுபடி பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கொலுசுக்கம்பி எழுதியது:

கிளியர் விஷயத்தை அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். நான் படத்தில் பார்த்த வேறு ஒன்றைச் சொல்கிறேன், வேறு தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று நீங்களே கேட்டதால்.

விமானி அறைக்குப் பின்னால், உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் பெயிண்ட் உதிர்ந்த மாதிரி கீறல் போட்டிருக்கிறீர்கள். ஹரிக்கேனில் அது வராது அண்ணா. முன்பக்கம் எஞ்சினைச் சுற்றி உலோகத் தகடு, மார்க் 2-ன் இறக்கையும் உலோகம்தான். ஆனால் விமானி அறைக்குப் பின்னால் வால் வரைக்கும் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச் சட்டங்களும் நீளக் குச்சிகளும் வைத்து, அதன்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி டோப் (துணியை இறுக்கும் வார்னிஷ் மாதிரியான பூச்சு) பூசியிருப்பார்கள். பக்கவாட்டில் நீளமாக ஓடும் அந்த மேடுகள், துணிக்கு அடியில் இருக்கிற குச்சிகளின் தடம். துணி தேய்ந்தால் அடியில் இருக்கிற செந்நிற டோப் தெரியலாம், உலோக வெள்ளி தெரிய வழியே இல்லை. குண்டு பட்ட ஓட்டையைக்கூட அங்கே துணி ஒட்டுப் போட்டு டோப் பூசித்தான் அடைப்பார்கள். அதனால் அந்த வெள்ளிக் கீறலையெல்லாம் பச்சையிலும் மண் நிறத்திலும் மூடிவிட்டு, ஒரே ஒரு சின்னச் சதுரத்தைக் கொஞ்சம் புதுப் பச்சையில் வையுங்கள், ஒட்டுப் போட்ட துணி மாதிரி. உங்கள் தாத்தா ரிக்கர் என்கிறீர்கள், அந்த ஒட்டுதான் அவருடைய வேலை. வெள்ளி உதிர்வு வேண்டுமானால் இறக்கை உடம்போடு சேரும் பக்கத்தில், விமானியும் ஆட்களும் மிதித்து ஏறும் இடத்தில் போடுங்கள், பீரங்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரத்தில் போடுங்கள், எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றிப் போடுங்கள்.

வட்டச் சின்னத்தில் சிவப்பு இல்லாமல், கருநீலத்துக்குள் வெளிர்நீலமாக வைத்திருப்பது மிகச் சரி. ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நம் ஆட்களே நினைத்துச் சுட்டுவிடக்கூடாது என்றுதான் இந்தப் பக்கம் சிவப்பை எடுத்தார்கள். இறக்கையில் வெள்ளைப் பட்டை போடாததும் சரிதான். அந்தப் பட்டை 1945 தொடக்கத்தில் வந்தது, இம்பால் சண்டை 1944 மார்ச் முதல் ஜூலை வரை.

கடைசியாக, சக்கரத்துக்கு பிரேக் குழாய் போடவில்லை போல. எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை, சிவதாபுரத்தில். கம்பி இழுக்கும் தகட்டில் செம்புக் கம்பியை ஒவ்வொரு துளையாக விட்டு இழுத்து முடி மாதிரி மெல்லிசாக்கி, அதைத்தான் என் மாடல்களுக்குப் போடுகிறேன். இழுத்த கம்பி விறைப்பாக இருக்கும், விளக்குச் சுடரில் லேசாகக் காட்டி ஆறவிட்டால் நூல் மாதிரி வளையும். சக்கரக் காலின் பின்பக்கம் மேலிருந்து கீழே விட்டு, நடுவில் இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப்பை மயிரிழை அகலத்துக்கு வெட்டிச் சுற்றினால் போதும். 1/72-ல் மொத்த இறக்கையே 17 சென்டிமீட்டர்தான், அதனால் கம்பி கொஞ்சம் தடித்தாலும் தண்ணீர்க் குழாய் மாதிரி தெரியும். வேண்டுமென்றால் சேலம் வரும்போது சொல்லுங்கள், ஒரு முழம் தருகிறேன்.

காபிக்களம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

வாட்டர் ட்ராப் என்னிடம் இல்லை அண்ணா, ஒன்று வாங்கி மாட்டினேன். முதல் நாள் ட்ராப்பில் அரை ஸ்பூன் தண்ணீர் நின்றது, இத்தனை நாள் அதையும் சேர்த்துத்தான் அடித்திருக்கிறேன். இங்கே தோட்டத்தில் காபி காயப்போடும் களம் இருக்கிறது. களத்து ஆள் ஒருவர் தினமும் காலையில் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து, இன்றைக்குக் காயும், காயாது என்று சொல்லிவிடுவார். அவர் காயும் என்று சொன்ன நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு, பெட்டியில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு அடித்தேன். அடிவயிற்றில் முதல் பூச்சு விழுந்ததும் சாம்பல் நிறம் ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி அப்படியே வெளியே வந்தது. கை நடுங்கிவிட்டது. வலது இறக்கை முழுதாகத் தெளிந்துவிட்டது. இடது இறக்கையில் வட்டச் சின்னத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இன்னும் ஒரு மங்கல் இருக்கிறது, இரண்டாவது பூச்சுக்கும் போகவில்லை.

அக்கா, நீங்கள் துணி பற்றி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டோப் என்ற வார்த்தையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், தாத்தா தோட்டத்து வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கும்போது மூட்டம் போட்டிருந்தால் டப்பாவை மூடி வைத்துவிடுவாராம். மழையில் டோப் அடித்தால் துணி வெளுத்துவிடும், அப்புறம் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்பாராம். சின்ன வயதில் அப்பாவுக்கு அது என்னவென்று புரியவில்லை, கதவில் ஏது துணி என்று நினைத்துக்கொண்டாராம். அந்தக் கால டோப்புக்கும் நான் அடித்த லாக்கருக்கும் ஒரே மாதிரி பிரச்சினை வருமா?

ஐந்துரோடு எழுதியது:

அதே பிரச்சினைதான் தம்பி. டோப்பும் வேகமாக ஆவியாகும் கரைப்பானில் கரைத்த செல்லுலோஸ் பிசின்தான், ஈரக் காற்றில் அடித்தால் அதுவும் வெளுக்கும். அதற்காகவே டோப் பூசும் அறையைச் சூடாக, ஈரமில்லாமல் வைத்திருப்பார்கள். இம்பால் மாதிரி இடத்தில் மழை மாதங்களில் அந்த வசதியில்லாமல் துணிக்கு ஒட்டுப் போட்டவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நகமளவு மங்கலுக்கு மூன்றாவது பூச்சு வேண்டாம், டீகால் பக்கத்திலேயே இருக்கிறது. பளபளப்பு முழுதாகக் காய்ந்த பிறகு, நன்றாகக் கலக்கிய மேட் கிளியரைக் காயும் நாளாகப் பார்த்து இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள், பாதி மங்கல் அதிலேயே அடங்கிவிடும். மீதியின்மேல் சாம்பல் கலந்த மண் நிறத்தை மிக நீர்க்க, காற்று வாக்கில் முன்னிருந்து பின்னாக ஒரு தடவல் கொடுங்கள். வெயிலில் வெளிறின பெயிண்ட் மாதிரியே இருக்கும். பின் உடம்பில் அந்தத் துணி ஒட்டைப் போட்டுவிட்டு மறக்காமல் படம் போடுங்கள்.

காபிக்களம் எழுதியது:

ஒட்டு நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன், இடது பக்கம், வட்டச் சின்னத்துக்குப் பின்னால், 3 மில்லிமீட்டர் சதுரம். எங்கே வைக்கலாம் என்று அப்பாதான் விரலால் காட்டினார். வெள்ளிக்கிழமை சேலம் வருகிறேன் அக்கா, கம்பி ஒரு முழம் எடுத்து வையுங்கள்.