ஃபைபர் படகின் அடிப்பெயின்ட்டை எடுக்க யோசனை சொல்லுங்கள்

அண்ணன்மாரே, கொச்சியில் வாங்கிய பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்று தேங்காய்ப்பட்டணத்தில் கரையேற்றிக் கிடக்கிறது. அடியில் சிப்பி பிடிக்காமல் இருக்க அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. மேலே நீலம், கீழே காவிச் சிவப்பு. சில இடத்தில் நகம் பட்டாலே செதிலாக உதிர்கிறது. ஏரா (அடியில் நடுவே நீளமாக ஓடும் தண்டு) பக்கம் மட்டும் கல்லாக இறுகிக் கிடக்கிறது.

மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர் ஜெல்கோட்டையும் (ஃபைபரின் மேலிருக்கும் வழவழப்பான பிசின் பூச்சு) சேர்த்துத் தின்றுவிடும், அது வேண்டாம். கிரைண்டர் போட்டால் பெயின்ட்டில் இருக்கும் செம்பு தூளாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். சிப்பியைக் கொல்ல முன்பு பெயின்ட்டில் கலந்து, 2008-இல் உலக அளவில் தடையான டிபிடி (ட்ரைபியூட்டைல் டின்) நஞ்சும் பழைய அடுக்கில் இருக்கலாம். அதனால் முனை மழுக்கிய பட்டித் தகட்டால் சுரண்டி, 80-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்கலாம் என்று இருக்கிறேன். கை ஒடியும், வேறென்ன செய்ய!

ஜெல்கோட்டுக்குக் கேடில்லாத ரிமூவர் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்குமா? விழிஞ்ஞம் பக்கம் சோடா பிளாஸ்டிங் (சோடா உப்புத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் பெயின்ட்டை உரிப்பது) செய்பவர்கள் உண்டா? அப்புறம், சுரண்டிய கழிவை எங்கே கொடுப்பது? ஏ.வி.எம். கால்வாயில் தள்ளிவிடு என்கிறார் ஒருத்தர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜூன் மழைக்கு முன் முடிக்க வேண்டும், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.