புதுப்பிப்பு: 2500கே சிப்பின் சூடு 90 டிகிரியிலிருந்து 74-க்கு இறங்கியது

என் கணினியில் இருக்கும் இன்டெலின் பழைய ஐ5-2500கே சிப்பை (பிராசசர்) அதன் இயல்பு வேகத்தைத் தாண்டி 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் சூடு 90 டிகிரியைத் தொடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்திருந்தது; அதைத் துடைத்துப் புதிது தடவியதில் நாலைந்து டிகிரிதான் குறைந்தது. மிச்சமெல்லாம் சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்ததால். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 'ஆட்டோ' என்று விட்டால் மதர்போர்டு தன் இஷ்டத்துக்கு 1.4 வோல்ட் வரை ஏற்றிவிடுகிறது. கையால் 1.28 வைத்தேன். சிப்பை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருள் ராத்திரி முழுக்க ஓடியும் 74-ஐத் தாண்டவில்லை. வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மின்செலவு ஏறும் என்பதால் இந்தச் சின்னக் குறைப்புக்கே இவ்வளவு பலன்.

அப்புறம், சூட்டைக் குறைக்க சிப்பின் உலோக மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பேஸ்ட்டை மாற்றச் சொன்னவருக்கு: இதில் மூடியை சால்டர் (ஈயப்பற்று போன்ற உலோகப் பற்று) வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பெயர்த்தால் சிப்பும் சேர்ந்து போய்விட வாய்ப்பு அதிகம். உள்ளே பேஸ்ட் வைத்தது அடுத்த தலைமுறை 3570கே-யில்தான்.

4.6 கிகாஹெர்ட்ஸுக்கு 1.35 வோல்ட் கேட்கிறது. வேண்டாம், 4.5 போதும்.