ஃபெல்டன்கிரைஸ் ஆசிரியர் ஆக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகள் பலருக்கு முழங்கால் வலி. ஃபெல்டன்கிரைஸ் முறையை (மெல்லிய அசைவுகளைக் கவனித்துச் செய்து உடல் இயக்கத்தை மேம்படுத்தும் பயிற்சி) ஒழுங்காகக் கற்க எவ்வளவு காலம் ஆகும்?

பதில்: அக்கா, வார இறுதி வகுப்பெல்லாம் போதாது. ஆசிரியர் பயிற்சியை பொதுவாக 800 மணி நேரம், 3 அல்லது 4 ஆண்டுகளில் பிரித்து நடத்துவார்கள். மோஷே ஃபெல்டன்கிரைஸ் ஜூடோ வீரர், இயற்பியலும் படித்தவர். தன் முழங்கால் காயத்தை ஆராயப்போய்த்தான் இதை உருவாக்கினார்.

கேள்வி கேட்டவர்: வகுப்பில் என்னதான் செய்வார்கள், தம்பி?

பதில்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்புக்கடியில் கடிகாரம் இருப்பதாக நினைத்து, இடுப்பை 12இலிருந்து 6க்கு மெல்ல உருட்டுங்கள். எங்கே மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்று கவனிப்பதுதான் பாடம். வலிக்கும்வரை போகவே கூடாது.

இன்னொருவர்: நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வீங்கியிருந்தால் முதலில் எலும்பு டாக்டர், அப்புறம் இது.