முட்டையைக் கழுவலாமா வேண்டாமா? வீட்டில் கோழி வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

வீட்டில் கோழி வளர்க்க ஆரம்பிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது முட்டையைக் கழுவுவது பற்றித்தான். கழுவ வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன்.

கோழி முட்டையிடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்று தெரியும். வெளியே வந்த நொடியில் முட்டை ஈரமாக மினுங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மினுக்கம் மங்கி, ஓடு காய்ந்துவிடும். காய்ந்து படிந்த அந்த மெல்லிய படலம்தான் முட்டைக்குக் காவல். ஒரு முட்டை ஓட்டில் 7,000 முதல் 17,000 நுண்துளைகள் வரை இருக்கும். அவற்றை அடைத்துக்கொண்டு கிருமி உள்ளே போகாமலும் உள்ளிருக்கும் ஈரம் சீக்கிரம் வற்றாமலும் பார்த்துக்கொள்வது இந்தப் படலம். தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு அதுவும் போய்விடும்.

அதனால் என் கவனம் முழுக்க முட்டையிடும் பெட்டி மேல்தான். கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடம் பார்த்துத்தான் அடையும். பெட்டி மேலேயும் அடையும் கம்பு கீழேயும் இருந்தால், ராத்திரி பெட்டிக்குள் போய்ப் படுத்து அங்கேயே எச்சமிடும். காலையில் முட்டை அந்த எச்சத்தில்தான் விழும். எங்கள் கூண்டில் கம்பைப் பெட்டியைவிட நல்ல உயரத்துக்கு ஏற்றிக் கட்டியபிறகு அழுக்கு முட்டை வருவது ரொம்பக் குறைந்துவிட்டது. வைக்கோல் ஈரமானால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். முட்டையைக் காலையும் மாலையும் எடுத்துவிட வேண்டும். கிடக்கவிட்டால் அடுத்து வரும் கோழி சேற்றுக் காலோடு அதன்மேல் ஏறி நிற்கும், சில சமயம் உடைத்தும்விடும். ஒரு தடவை உடைந்த முட்டையை ருசி பார்த்த கோழி அப்புறம் தானே கொத்தி உடைக்கப் பழகிக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை நிறுத்துவது பெரும்பாடு.

*

மேலே ஒருவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மழைக்காலத்தில் என்னதான் பார்த்துக்கொண்டாலும் நாலைந்து முட்டை சேறும் எச்சமுமாகத்தான் வரும். லேசான கறை என்றால் நான் தண்ணீர் பக்கமே போவதில்லை. காயவிட்டு, சொரசொரப்பான உலர்ந்த துணியாலோ மெல்லிய உப்புத்தாளாலோ அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிடுவேன்.

அதற்கும் மசியாததைக் கழுவித்தான் ஆக வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. முட்டை குளிர்ந்தால் உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருக்கும் தண்ணீரைத் துளைகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே கிருமியையும். தண்ணீர் 32 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், முட்டையின் சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். என் உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு வாளி நிறையப் பச்சைத் தண்ணீரில் முட்டைகளை மொத்தமாகப் போட்டு ஊறவைப்பார்கள். பார்க்கும்போதே எனக்குப் பதறும். முதல் முட்டையின் எச்சம் கரைந்த தண்ணீரில்தானே மீதி அத்தனையும் கிடக்கிறது! ஒவ்வொன்றாகச் சூடான தண்ணீரைக் காட்டிக் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். கழுவிய முட்டை நேராக ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், அதை வெளியே வைக்கக் கூடாது. விரிசல் விட்டதையும் எச்சம் அப்பிக் காய்ந்து கிடப்பதையும் நான் சாப்பாட்டுக்கு எடுப்பதே இல்லை.

நாடுகளே இதில் இரண்டு பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் கடைக்குப் போகும் முட்டையைக் கழுவி 7 டிகிரிக்கு மேல் போகாத குளிரில் வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் தர முட்டையைப் பொதுவாகக் கழுவவே அனுமதி இல்லை. இரண்டில் எதைப் பின்பற்றினாலும் முழுதாகப் பின்பற்ற வேண்டும். கழுவிவிட்டு வெளியே வைப்பதுதான் ஆபத்து.

*

ஃபிரிட்ஜில் வைப்பது பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். கதவில் இருக்கும் முட்டைத் தட்டை நான் பயன்படுத்துவதில்லை. கதவைத் திறக்கத் திறக்க அங்கே குளிர் ஏறி இறங்கும். உள்தட்டில், மூடிய அட்டைப் பெட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கிறேன். அகன்ற பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் மஞ்சள்கரு நடுவிலேயே நிற்கும். பெட்டியை மூடி வைத்தால் வெங்காய வாடையும் ஏறாது. எடுத்த தேதியைப் பென்சிலால் ஓட்டிலேயே எழுதிவிடுவேன், பழையது முதலில் தீரும்.

இன்னொன்று, குளிரில் இருந்ததை வெளியே எடுத்தால் ஓட்டில் முத்து முத்தாக வியர்க்கும். அந்த ஈரத்தோடு வைத்திருக்காதீர்கள், தேவையானதை மட்டும் எடுங்கள்.

*

எங்களிடம் ஒரு பெட்டைக்கோழி கொஞ்ச நாளாகக் கேறிக்கொண்டே திரிந்தது, பெட்டியில் முட்டையைக் காணோம். தேடியதில் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு குவியல் கிடந்தது. எது எப்போது இட்டது என்று யாருக்குத் தெரியும்? தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். சில அடியில் படுத்துக்கொண்டன, சில ஒரு முனையில் நின்றன, இரண்டு மிதந்தன. நாளாக ஆக ஈரம் வற்றி, காற்றறை பெரிதாகி, முட்டை மேலே வரும். ஆனால் இந்தச் சோதனை வயதைத்தான் காட்டும், கிருமி இருக்கிறதா என்று காட்டாது. மிதந்ததை அப்படியே புதைத்துவிட்டோம். மற்றதையும் ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் எடுத்தோம். ஒரே ஒரு கூமுட்டை போதும், சட்டியில் இருப்பது மொத்தமும் பாழாகும்.

சால்மோனெல்லா என்ற கிருமி ஓட்டுக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை. கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் வந்துவிடலாம். எவ்வளவு சுத்தமான முட்டையாக இருந்தாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள்.

*

அடை வைக்க எடுத்து வைக்கும் முட்டைக்கும் இதே முறைதானா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அதைக் கழுவவும் கூடாது, ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. சுத்தமாக வந்ததை மட்டும் தேர்ந்தெடுத்து, 15 டிகிரி அளவில் குளுமையான இடத்தில் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பொரிப்பது குறையும்.